ஒற்றைக் கொக்கி

சேவூரில் மார்கழிக் குளிர் பெரிதாக ஒன்றுமில்லை. விடியலில் பனி இறங்கும். எட்டு மணிக்குள் வெயில் ஏறிவிடும். ஆயினும் பேரக்குழந்தை உள்ள வீடுகளில் பாட்டிமார் கை ஓய்ந்திருப்பதில்லை. சென்ற மார்கழியில், பட்டுத்தறி ஓடும் ஒரு வீட்டுத் திண்ணையில், முதிய அம்மையார் ஒருவர் குரோஷா ஊசியால் குல்லா வைத்த ஸ்வெட்டர் ஒன்றைப் பின்னிக்கொண்டிருக்கக் கண்டோம். உள்ளே மகன் தறியில் இருந்தார். மகன் செய்வதைத் 'தொழில்' என்ற அம்மையார், தம் கையில் இருந்ததைப் பற்றிக் கேட்டபோது, "இது சும்மாங்க, பொழுது போறதுக்கு" என்றார். அந்தச் 'சும்மா' எங்கிருந்து வந்தது என்று தேடப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

தறிக்குப் பாவு வேண்டும், ஊடை வேண்டும், நாடா வேண்டும்; எல்லாவற்றுக்கும் முன்பாக இடமும் முதலும் வேண்டும். குரோஷாவுக்கு ஒரு கொக்கி ஊசியும் ஒரு நூலுருண்டையும் போதும். ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணியை இழுத்துக்கொண்டே போவதுதான் மொத்த வித்தையும். கடைசிக் கண்ணியை விட்டு இழுத்தால் முழுச்சட்டையும் மீண்டும் நூலாகிவிடும். குல்லாவைத் தனியே செய்து ஒட்டுவதில்லை. கழுத்துப் பட்டையிலிருந்தே கண்ணிகளை எடுத்து, வரிசை வரிசையாக மேலேற்றி, மடித்து, உச்சியில் இணைக்கிறார்கள். பிறந்த குழந்தையின் உயரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தலையே. ஆகவே பெரியவர்களின் அளவைச் சுருக்கினால் குல்லா தலையில் ஏறாது. இக்கணக்கு எந்த ஏட்டிலும் இல்லாமல் அம்மையாரின் விரலில் இருந்தது.

குரோஷே என்பது பிரெஞ்சுச் சொல். சிறு கொக்கி என்று பொருள். ஐரோப்பாவில் இக்கலை பரவலானது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது அயர்லாந்தில் பல குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தது இந்தக் கொக்கிதான். இரண்டு ஊசிப் பின்னலுக்கு 1589இலேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ பொறி கண்டுவிட்டார். இன்றைய திருப்பூர்ப் பின்னலாடை அந்த மரபில் வருவது. குரோஷாவோ இன்றும் கைவேலையாகவே இருக்கிறது.

தமிழ்நிலத்தின் தென்கோடிக்கு ஐரோப்பியப் பின்னல் வந்தது மிஷன் பள்ளிகளின் வழியாக. முதலில் வந்தது குரோஷா அன்று; அதன் உறவான லேஸ். திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது அது. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் துணைவியார் மார்த்தா மால்ட், 1820களில் தம் பெண்கள் பள்ளியில் அதனைக் கற்பித்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல்தான் ஒழிந்தது. அதற்கு முன்பே, லேஸ் பின்னி ஈட்டிய காசைக் கொடுத்துத் தம் விடுதலையை வாங்கிக்கொண்ட பெண்கள் அங்கு இருந்தனர். ஐரோப்பியச் சீமாட்டிகளின் ஆடை ஓரத்துக்கு அணி பின்னிய அதே ஊர்களில், தம் தோளில் சீலை இடும் உரிமைக்காகப் பெண்கள் 1859 வரை அடிபட வேண்டியிருந்தது. வரலாற்றில் இதைவிடக் கசப்பான முரணை நாம் அதிகம் கண்டதில்லை.

மால்ட் தம்பதியரின் மகள் எலிசா 1844இல் மணந்தது ராபர்ட் கால்டுவெல்லை. இடையன்குடிக்கு லேஸ் பின்னலைக் கொண்டு சென்றவர் எலிசாவே. 1856இல் வெளிவந்த கணவரின் ஒப்பிலக்கணத்தை நாம் வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறோம். அவருக்கு 1968இல் மெரினாவில் சிலையும் வைத்தோம். அதே வீட்டில் நடந்த மற்றொரு பாடத்தை, அதாவது ஊர்ப்பெண்கள் கூலி பெற்றுப் பின்னியதை, இருபது ஆண்டு ஆசிரியப் பணியில் ஒருமுறையும் வகுப்பில் சொன்னதில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

குரோஷாவே பெருந்தொழிலான இடம் ஆந்திரத்தின் நரசாபூர். அங்கும் மிஷனரிகளே தொடக்கம். 1982இல் அவ்வூர் லேஸ்காரிகளைப் பற்றி நூல் எழுதிய ஜெர்மானிய ஆய்வாளர் மரியா மீஸ், அங்கே பின்னுபவர் பெண்கள், விற்றுப் பொருள் சேர்ப்பவர் ஆண்கள் என்று காட்டினார். உலகச் சந்தைக்குச் சரக்கு செய்யும் பெண் 'இல்லத்தரசி' என்றே கருதப்பட்டாள். அவள் உழைப்பு ஓய்வு நேர வேலையாக எண்ணப்பட்டது. கூலி குறைவாக இருந்ததற்கு அந்த எண்ணமே காரணம் என்பது மீஸின் வாதம். நரசாபூர்ப் பின்னலுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு ஊரின் பெயருக்குக் கிடைப்பது. விரலுக்கு என்ன கிடைக்கும் என்பது வேறு கேள்வி.

தமிழில் இழைக்கும் ஏட்டுக்கும் 'நூல்' என்ற ஒரே பெயர். பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் இவ்விரண்டையும் ஒப்பிடும்போது, புலவனை நூற்கும் பெண்ணுக்கு இணையாக வைக்கிறார். புலவர்கள் இதில் பெருமைப்பட்டது தெரியும். நூற்றவளிடம் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சேவூர் அம்மையாரின் ஸ்வெட்டர் நீலநிறம். மூத்த பேத்திக்குச் சிறிதாகிப்போன சட்டையைப் பிரித்து எடுத்த உல்லன் நூலாம் அது. விலைக்குக் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றோம். அவர் சிரித்தார். உள்ளிருந்து, தறியை நிறுத்தாமலே, மகன் விடை சொன்னார்: "அதுக்கெல்லாம் யாருங்க காசு குடுப்பாங்க?" அம்மையார் ஒன்றும் பேசவில்லை. குல்லாவைத் தம் முழங்காலில் கவிழ்த்து அளந்து பார்த்து, பொங்கலுக்குள் பையனின் தலை இன்னும் வளர்ந்துவிடும் என்று கூறி, மேலும் இரண்டு வரிசை ஏற்றத் தொடங்கினார்.