சிகைக்காயா, சீயக்காயா?

மாவு மில்லில் சீயக்காய்க்கென்று தனி எந்திரம் வைத்திருப்பார்கள். அது ஓடத் தொடங்கினால் வரிசையில் நிற்பவர்கள் தும்முவார்கள். அரைப்பவர் மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொள்வார். எங்கள் ஊர் மில்லில் அந்த எந்திரத்துக்கு மேலே சுவரில் ‘சீக்காய்’ என்று எழுதியிருந்தது. கடையில் வாங்கும் பாக்கெட்டிலோ ‘சிகைக்காய்’ என்று அச்சிட்டிருந்தார்கள். மில்காரர் எழுதியது கொச்சை, பாக்கெட்டில் இருப்பதே திருத்தம் என்று பல காலம் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை தவறு.

சிகை என்பது ‘சிகா’ என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். குடுமி, முடி என்று பொருள். முடிக்குத் தேய்க்கும் காய், ஆகவே சிகைக்காய். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அண்டை மொழிகளையும் கேட்க வேண்டும். கன்னடத்தில் சீகெகாயி, தெலுங்கில் சீகாய, மலையாளத்தில் சீவக்க. தமிழ்நாட்டுப் பேச்சில் சீக்காய், சீயக்காய். எல்லாவற்றிலும் முதலெழுத்து நெடில். சிகையில் இருப்பது குறில். இத்தனை மொழிக்காரர்களும் சொல்லிவைத்தாற்போல் அதை நீட்டினார்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. படித்தவர்கள் பேச்சுச் சொல்லுக்கு ஒரு காரணம் தேடி, அந்தக் காரணத்துக்கு ஏற்ப எழுத்தை மாற்றியிருக்கிறார்கள் என்பதே என் முடிவு.

அப்படியானால் அந்த ‘சீ’ எது? பழந்தமிழில் சீத்தல் என்றால் துடைத்து அகற்றுதல். தரையைப் பெருக்குவதும் சீத்தல், இருளை விலக்குவதும் சீத்தல். அந்த வினை இன்று தனியாக வழங்கவில்லை; ஆனாலும் வீட்டைவிட்டுப் போகவும் இல்லை. வாசல் பெருக்கும் சீமாற்றில் இருக்கிறது. தலை சீவும்போது வாயில் வருகிறது, சீப்பிலும் இருக்கிறது. அழுக்கைச் சீக்கும் காய் சீக்காய் என்று கொண்டால், வாசலில் கிடக்கும் சீமாறும் குளியலறையில் இருக்கும் சீயக்காயும் ஒரு தாய்ப் பிள்ளைகள்.

பொருளைப் பார்த்தாலும் இதுவே சரியாகப் படுகிறது. சீயக்காய் மலைக்காடுகளில் மரங்களைப் பற்றி ஏறும் முட்கொடி. முள் ஒவ்வொன்றும் கொக்கிபோல் வளைந்திருக்கும். அதன் கொழுந்து புளிக்கும், துவையல் அரைப்பார்கள். காயில் சப்போனின் என்ற நுரைக்கும் பொருள் உண்டு. அது எண்ணெயைப் பற்றி நீரோடு கொண்டுபோய்விடும். காயிலும் மெல்லிய புளிப்பு இருப்பதால் களிம்பேறிய பித்தளை அதில் தேய்த்தால் துலங்கும். சீயக்காய் ஊறிய நீரில் பட்டுத்துணி அலசும் வழக்கமும் இருந்தது. தலைமுடி அதன் வேலைகளுள் ஒன்றுதான். ‘சிகைக்காய்’ என்று எழுதியபோது சொல்லோடு பொருளையும் சேர்த்துக் குறுக்கிவிட்டோம். பாத்திரத்துக்கு ஒரு தூள், பட்டுக்கு ஒரு திரவம், தலைக்கு ஒரு புட்டி என்று தனித்தனியாக வாங்கும் இந்தக் காலத்தில் அந்தக் குறுக்கம் எனக்கு உறுத்துகிறது.

இந்தச் சொல்லின் பின்பாதியான ‘காய்’ சென்ற பயணம் இன்னும் வியப்பானது. மராத்தியில் சிகேகாயீ, இந்தியில் சிகாகாயீ, ஆங்கிலத்திலும் ஏறத்தாழ அதே ஒலி. ‘காய்’ என்றால் என்னவென்று தெரியாத வாய்களும் அந்தத் தென்னாட்டுச் சொல்லை அப்படியே சொல்கின்றன.

எதிர்த்திசையில் நம்மிடம் வந்தது ‘ஷாம்பு’. அதுவும் இந்தியச் சொல்தான். ஆனால் கழுவுவதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அழுத்து, பிடித்துவிடு என்று பொருள்படும் ‘சாம்போ’ என்ற இந்தி ஏவலிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நடத்திய ‘ஷாம்பு’ குளியலகத்தில் நடந்தவை நீராவிக் குளியலும் உடம்புபிடித்தலும். தலைமுடி அலசுவது என்ற பொருள் அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஒட்டிக்கொண்டது.

மீண்டும் சீயக்காய்க்கு வருவோம். தூள் அரைக்க எங்கள் வீட்டுக் கணக்கு இது: 1 கிலோ சீயக்காய்க்குக் கால் கிலோ பச்சைப்பயறு, 100 கிராம் வெந்தயம், ஒரு கைப்பிடி பூலாங்கிழங்கு, காய்ந்த எலுமிச்சைத் தோல், கிடைத்தால் ஆவாரம்பூ. ஒடித்தால் ‘சடக்’கென்று முறியும்வரை வெயிலில் காயவைத்து அரைக்க வேண்டும், ஈரம் இருந்தால் தூளில் பூச்சி பிடிக்கும். வடிகஞ்சியில் குழைத்துத் தேய்த்தால் எண்ணெய் போகும், முடி வறளாது. கண்ணில் மட்டும் படவிடக் கூடாது. எரிச்சல் கடுமையாக இருக்கும்.

அரைத்து வந்ததும் டப்பாவின் மேல் ‘சீயக்காய்’ என்றே எழுதி ஒட்டுங்கள். அதிலிருந்து இரண்டு கரண்டி எடுத்துக் குத்துவிளக்கையும் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள்.