நெய்யூர் வகுப்பிலிருந்து இணையவழிப் பட்டம் வரை: குடும்ப வைத்தியக் கல்வி வளர்ந்த வரலாறு

குடும்ப வைத்தியம் என்பது ஓர் உறுப்பையோ, ஒரு நோயையோ, ஒரு பருவத்தையோ தனக்கென வரையறுத்துக்கொள்ளாமல், ஒரு வீட்டில் நேற்றுப் பிறந்த குழந்தை முதல் பாயோடு கிடக்கும் முதியவர் வரை அனைவரையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்துவரும் மருத்துவத் துறையாகும். பணியிலிருக்கும் மருத்துவர் தம் ஊரையும் நோயாளிகளையும் விட்டு நீங்காமலே இத்துறையைப் பகுதி நேரமாக, இணையவழியில், முதுநிலைப் பட்டம் வரை பயிலலாம் என்னும் ஏற்பாடு அண்மையில் தோன்றியிருப்பதைக் கணினி யுகத்தின் விசேஷமென்றே பலரும் கருதுகின்றனர். ஆயினும் அதன் ஆதாரமான கருத்து, கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக்குச் சில கல் தொலைவிலேயுள்ள நெய்யூரில் 1860களிலேயே வடிவங்கொண்டுவிட்டது என்பதையும், இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அது எவ்வாறு கைவிடப்பட்டுப் பின்னர் வேலூர் வழியாக மீண்டும் தலையெடுத்தது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தென் திருவிதாங்கூரில் மேனாட்டு வைத்தியம் நிலைகொண்ட வரலாறு 1838இல் லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே நெய்யூருக்கு வந்ததிலிருந்து தொடங்குகிறது. அவர் விரைவிலேயே அச்சங்கத்தை விட்டு நீங்கியபின் பல ஆண்டுகள் வைத்தியர் எவருமின்றிக் கிடந்த அந்த இடத்துக்கு 1850களின் தொடக்கத்தில் வந்த டாக்டர் சார்லஸ் லீச், மணவாளக்குறிச்சிக்கு அடுத்தாற்போலுள்ள முட்டம் கடலில் நீராடச் சென்று 1854இல் மூழ்கி இறந்தார். அவருக்குப் பின் மீண்டும் ஏழாண்டுக் காலம் நெய்யூர் வைத்தியரின்றியே இருந்தது. ஒரே மனிதரை நம்பி நடக்கும் வைத்தியசாலை அம்மனிதரோடு அவிந்துபோகும் என்பதை இவ்விரு அனுபவங்களும் காட்டியிருக்க வேண்டும் என்று கொள்வதில் தவறில்லை. ஏனெனில் 1861இல் பொறுப்பேற்ற டாக்டர் ஜான் லோ, மூன்றாண்டுகளுக்குள்ளாகவே, இவ்வூர் இளைஞர்களைத் தெரிந்தெடுத்து உடற்கூற்றியல், உடலியங்கியல், மருந்தியல், அறுவை ஆகியவற்றைக் கற்பிக்கும் வகுப்பொன்றை 1864ஆம் ஆண்டளவில் ஏற்படுத்தினார்.

அவ்வகுப்பின் தன்மை நம் ஆராய்ச்சிக்கு மிகவும் இன்றியமையாதது. நோயாளி நிறைந்த கூடத்திலேயே, புத்தகத்தில் படித்ததை மறுகணமே கட்டிலில் கிடப்பவனிடம் சோதித்தறிந்து, குளத்தூருக்கும் குலசேகரத்துக்கும் உரிய நோய்களை அவ்வவ்வூர் மக்களின் பேச்சிலேயே கேட்டுப் பழகி வெளிவந்த அம்மாணவர்கள், பிற்காலத்தில் தென் திருவிதாங்கூர் மருத்துவ மிஷனின் கிளை வைத்தியசாலைகளை நடத்தினர். உலகில் பெருமளவினதான மருத்துவ மிஷன்களுள் ஒன்றென அது எண்ணப்பட்டதற்குக் காரணம் நெய்யூர்க் கட்டடத்தின் பெருமை அன்று, கிளைகளில் இருந்த இம்மருத்துவர்களே ஆவர். அதே பத்தாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிறீன் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்து பாடநூல்களையும் தமிழில் ஆக்கிக்கொண்டிருந்தார் என்பதை இங்கே சேர்த்து நினைக்க வேண்டும். கடல் பிரித்த இரு தமிழ்க் கரைகளில், ஏறக்குறைய ஒரே காலத்தில், வைத்தியக் கல்வி வைத்தியம் நடக்குமிடத்திலேயே நடக்க வேண்டும் என்ற ஒரே முடிவுக்கு இருவர் வந்திருக்கின்றனர். லோ 1868இல் இந்தியாவை விட்டு நீங்கி, பின்னர் எடின்பரோ மருத்துவ மிஷன் சங்கத்தின் தலைமைப் பொறுப்பில் அமர்ந்தார். எடின்பரோ என்னும் பெயர் இவ்வரலாற்றில் மறுபடியும் வரும்.

நெய்யூருக்கும் வேலூருக்கும் உள்ள தொடர்பு ஒரு மனிதரால் விளங்கும். 1922இலும் 1924இலும் எவரெஸ்டு ஏறச் சென்ற குழுக்களில் இருந்த டாக்டர் ஹோவர்டு சாமர்வெல், 1923இல் நெய்யூரில் சேர்ந்து, மரச்சீனிக் கிழங்கையே பெரும்பான்மை உணவாகக்கொண்ட இப்பகுதி மக்களிடம் மலிந்திருந்த குடற்புண்ணுக்குச் செய்த அறுவைகளால் பேர்பெற்றார். பிற்காலத்தில், 1949 முதல் 1961 வரை, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை சிகிச்சை கற்பித்தார். அந்த வேலூர்க் கல்லூரியே, டாக்டர் ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்கென ஆரம்பித்த எல்.எம்.பி. (உரிமம் பெற்ற மருத்துவர்) பள்ளியாகப் பிறந்ததுதான். பட்டம் பெற்ற மருத்துவரைவிடக் குறைந்த காலத்தில், குறைந்த செலவில் பயின்று கிராமத்துக்குச் சென்ற எல்.எம்.பி. டாக்டரைச் சென்னை மாகாணத்தில் அக்காலத்தார் நன்கறிவர். 1930களின் பிற்பகுதியில் அத்தகைய பள்ளிகளை மூடுவதென்று மாகாண அரசாங்கம் முடிவுசெய்ய, வேலூர் தன்னை உயர்த்திக்கொண்டு 1942இல் எம்.பி.பி.எஸ். கல்லூரியாயிற்று, 1947இல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது.

இங்கேதான் வரலாறு திரும்புகிறது. சர் ஜோசப் போரின் தலைமையில் 1943இல் நியமிக்கப்பட்டு 1946இல் அறிக்கை அளித்த குழு, இனி நாட்டில் ஒரே தரமான அடிப்படை மருத்துவர் மட்டுமே உருவாக வேண்டும், எல்.எம்.பி. கல்வி அறவே நீங்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஏழைக்கு ஒரு தரமும் செல்வனுக்கு ஒரு தரமும் கூடாது என்ற அதன் தர்மம் மறுக்கவொண்ணாதது. நாற்பதாயிரம் மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்ற அதன் திட்டமோ இன்றுவரை நம் கிராமங்களைத் தாங்கி நிற்கிறது. ஆயினும் தரத்தை உயர்த்திய குழு, கல்வி நடக்கும் இடத்தைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குள் அடைத்துவிட்டதென்றே கூற வேண்டும். அங்கே மாணவன் காண்பது ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய். அவன் பின்னர் ஊரில் காணப்போவது ஆயிரம்பேருக்கும் வரும் நோய். எல்.எம்.பி. மருத்துவர்கள் ஓய்வுபெற்று மறைந்தபின் அவர்கள் இடத்தை நிரப்பத்தக்க கல்வி ஏதும் நெடுங்காலம் ஏற்படவில்லை.

இதன் விளைவை அறிய மணவாளக்குறிச்சியிலேயே ஒரு மாலை நேரத்தை எண்ணிப் பார்க்கலாம். மருத்துவர் முன்னே பெஞ்சியில் அமர்ந்திருப்பவருள் ஒருவர் கடலுக்குப் போய்வருபவர். குதிகாலில் ஆறாத புண். உப்புநீரில் நின்ற கால் என்று மனைவி சொல்கிறாள். விரல்நுனி இரத்தத்தில் பார்த்தால் சர்க்கரை மிகுந்திருக்கிறது. அடுத்தவன் மணிக்கட்டில் வர்ம ஆசான் போட்ட கட்டோடு வந்த சிறுவன். கட்டை அவிழ்த்து எலும்பு கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஆசானைக் குறைகூறாமலும் இருக்க வேண்டும். மூன்றாமவள் மகன்கள் இருவரும் வளைகுடாவில் இருக்க, தனியே உறங்காமல் தவிக்கும் தாய். நெஞ்சு படபடக்கிறது என்கிறாள், இருதயத்தில் பழுதில்லை. நான்காமவர் மணல் ஆலைத் தொழிலாளி. 1909இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் இக்கரை மணலில் மோனசைட் என்னும் கதிரியக்கக் கனிமத்தைக் கண்டது முதல் தொடர்ந்துவரும் தொழில் அது. அவர் கேட்பது மருந்தன்று, மணலின் கதிர்வீச்சால் தம் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வருமா என்ற கேள்வி. இதே வகை மணல் பரந்த கேரளத்துக் கருநாகப்பள்ளியில் பல்லாண்டுகள் நடந்து 2009இல் வெளியான ஆராய்ச்சி, இயற்கைக் கதிர்வீச்சினால் அங்கே புற்றுநோய் மிகுந்ததென்பதற்குச் சான்று காணவில்லை என்பதை எடுத்துச் சொல்லி அவர் அச்சத்தை ஆற்றவும், அதே வேளையில் அவருடைய இருமலை அலட்சியம் செய்யாமல் சளியைப் பரிசோதனைக்கு அனுப்பவும் தெரிந்த மருத்துவரே அவருக்கு வேண்டியவர். இந்நால்வரையும் நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் சீட்டெழுதி அனுப்புவது எளிது. அவ்வாறு அனுப்புவதே வழக்கமுமாயிற்று.

பொது மருத்துவமும் தனியே பயிலத்தக்க துறையே என்ற எண்ணம் உலகில் வேரூன்றியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். பிரிட்டனில் பொது மருத்துவர் கல்லூரி 1952இல் தோன்றிற்று; உலகிலேயே முதன்முதலாக இத்துறைக்கெனப் பேராசிரியர் பீடம் 1963இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்டு, ரிச்சர்டு ஸ்காட் அதில் அமர்ந்தார். அதே ஆண்டில் இந்திய மருத்துவ சங்கமும் தன் பொது மருத்துவர் கல்லூரியைச் சென்னையைத் தலைமையிடமாகக்கொண்டு தொடங்கியது நமக்குப் பெருமை தருவதே. தேசியத் தேர்வு வாரியம் பின்னர் குடும்ப வைத்தியத்தில் முதுநிலைத் தகுதி வழங்கலாயிற்று. ஆனால் அதற்கான இடங்கள் மிகக் குறைவு. சேர்பவர் ஊரை விட்டு மூன்றாண்டு வேறோர் ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியிருந்தது. ஓர் ஊரின் ஒரே மருத்துவர் மூன்றாண்டு ஊரை விட்டுப் போனால் அவ்வூர் என்ன செய்யும் என்ற வினாவுக்கு அங்கே விடையில்லை.

விடையை 2006இல் வேலூர் அளித்தது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு, பிறரிடம் அனுப்புவதைக் குறைத்துத் தாமே தீர்ப்பதைப் பெருக்குவது என்ற பொருள்படும் பெயரோடு ஓர் இயக்கத்தைத் தொடங்கி, எம்.பி.பி.எஸ். முடித்துப் பணியிலிருக்கும் மருத்துவர்களுக்குக் குடும்ப வைத்தியத்தில் ஈராண்டு முதுநிலைப் பட்டயத்தை ஏற்படுத்தியது. வெளிநோயாளர் அறையில் உண்மையாக எதிர்ப்படும் பிரச்சினையிலிருந்து பாடம் தொடங்கும்படி எழுதப்பட்ட புத்தகங்களும், ஒளிப்பதிவு விரிவுரைகளும், குறித்த காலங்களில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியிலோ பிற மையத்திலோ கூடிச் செய்முறை பயிலும் வகுப்புகளும் அதன் அங்கங்கள். அதனையடுத்த பத்தாண்டில் எடின்பரோ பல்கலைக்கழகம் வேலூரோடு இணைந்து குடும்ப வைத்தியத்தில் முதுநிலைப் பட்டத்தையே பகுதி நேர இணையவழிக் கல்வியாக உருவாக்கிற்று. நெய்யூர் வகுப்பை ஏற்படுத்தியவர் சென்று அமர்ந்த அதே நகரத்திலிருந்து, நெய்யூரின் அறுவை மருத்துவர் கற்பித்த அதே கல்லூரியின் துணையோடு இது வந்ததைத் தற்செயல் என்று ஒருவர் கூறலாம். மருத்துவ மிஷன்களின் மரபு அறுபடாமல் ஓடிவந்ததன் பலன் என்று கொள்வதே பொருத்தமென எனக்குத் தோன்றுகிறது.

இக்கல்வியின் பலம் அதன் கருவியில் இல்லை. காலையில் பார்த்த குதிகால் புண்ணைப் பற்றி இரவு ஒன்பது மணிக்கு எழுதி, நேபாளத்திலோ ஆப்பிரிக்காவிலோ அதே நிலையிலுள்ள மற்றொரு மருத்துவரின் கருத்தைக் கேட்டு, மறுநாட் காலையில் அதே நோயாளிக்கு வேறுவிதமாகக் கட்டுப்போட முடிவதிலேயே அதன் பலம் இருக்கிறது. படித்ததும் பார்ப்பதும் ஒரே நாளில் கூடுகின்றன. ஆனால் குறையை மறைத்துப் பேசுவது ஆராய்ச்சியாகாது. வயிற்றில் இடுப்பு முன்னாகக் கிடக்கும் குழந்தையைத் திருப்பும் கையை, கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் பழக்கத்தை, இறப்பவர் வீட்டில் என்ன பேசுவது என்ற பக்குவத்தைத் திரை கற்றுத்தராது. நெய்யூர் மாணவனின் தோளுக்குப் பின்னால் ஆசிரியர் நின்றார். இணையவழி மாணவரின் பின்னால் பெரும்பாலும் எவருமில்லை. மேலும், தொலைவழியிலோ அயல்நாட்டு இணையவழியிலோ பெற்ற இத்தகுதிகளைச் சிறப்பு மருத்துவத் தகுதியாகப் பதிவுசெய்ய தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிகளில் இடமில்லை. கற்றதன் பயன் ஊருக்குக் கிட்டுகிறது. கற்றவருக்கு அரசுப் பணியில் பதவி உயர்வோ பெயர்ப்பலகையில் எழுதத்தக்க சிறப்போ கிட்டுவதில்லை. இந்நிலையில் இளம் மருத்துவர்கள் இதனைத் தேர்ந்தெடுப்பது பொதுநல உணர்ச்சியாலேயே என்பதை மனமாரப் பாராட்ட வேண்டும்.

இவ்விரு குறைகளும் தீர்க்கக்கூடியனவே. ஆசாரிப்பள்ளத்தில் 2001 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது; நெய்யூரில் ஆஸ்பத்திரி இன்றும் நடக்கிறது. இணையவழியில் பயிலும் இம்மாவட்டத்து மருத்துவர் ஒவ்வொருவருக்கும் இவ்விரண்டில் ஒன்றிலிருந்து அனுபவம் மிக்க மருத்துவர் ஒருவரை நேர்முக வழிகாட்டியாக நியமித்து, வாரத்தில் ஒரு நாளாவது அருகிருந்து கைப்பயிற்சி பெறச் செய்து, அப்பயிற்சியைத் தேர்வு வைத்துச் சோதித்து, தேறியவரின் தகுதியைப் பதிவேட்டில் ஏற்றுக்கொள்ளத் தேசிய மருத்துவ ஆணையமும் மாநில அரசும் முன்வர வேண்டும்; அதுவரையில், கடப்புறத்திலும் மலையடிவாரத்திலும் பணியாற்றும் இளம் மருத்துவர்கள் பதிவுக்காகக் காத்திராமல் இக்கல்வியில் சேர வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன்.