வித்தியாதரிசியும் வாவிக்கரைப் பாடசாலையும்

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய மணல்நிலத்திலே, மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே அமைந்துள்ளது குருக்கள்மடம். கிரான்குளம், செட்டிபாளையம் முதலியன இதன் அண்டைக் கிராமங்கள். கதிரவன் எழும் திசையில் உள்ளமையால் இக்கரை எழுவான்கரை எனப்படும். வாவிக்கு மேற்கேயுள்ள வயல்நிலம் படுவான்கரையாகும். குருக்கள்மடத்துத் துறையிலிருந்து எதிர்க்கரையிலுள்ள அம்பிளாந்துறைக்கு நெடுங்காலமாகப் படகுப் போக்குவரத்து நடைபெற்று வந்தது. இத்தகைய ஊரொன்றின் பாடசாலையை உயர்ந்தது, தாழ்ந்தது எனத் தரம் பிரிப்போர் எவ்வளவுகோலைக் கொண்டு பிரித்தனர், அதனால் விளைந்தது யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மட்டக்களப்பிலே புதுமுறைக் கல்வி 1814ஆம் ஆண்டில் வந்திறங்கிய வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ற் பாதிரியாருடன் தொடங்கிற்று. அக்காலத்தில் பாடசாலையைப் பார்வையிடுவோர் அதனை நிறுவிய மிஷனைச் சேர்ந்தோரே. 1834இல் பாடசாலை ஆணைக்குழுவும் 1841இல் மத்திய பாடசாலை ஆணைக்குழுவும் தோன்றிய பின்னரே அரசினரின் கண் கல்வியின்மேல் விழுந்தது. மோர்கன் குழுவினர் 1867இல் சமர்ப்பித்த அறிக்கையின் பயனாக 1869இல் பொதுப் போதனைப் பகுதி நிறுவப்பட்டது. அதன் முதல் அதிபதியாகிய லோறி என்பார் இங்கிலாந்திலே பாடசாலைப் பரிசோதகராகப் பணியாற்றியவர். அந்நாட்டில் 1862 முதல் வழங்கிய முறையொன்று இலங்கைக்கும் வந்தது. அதுவே பெறுபேற்றுக்கு ஏற்பப் பணம் வழங்கும் முறை.

அம்முறையின் இயல்பை இங்கிலாந்தின் கணக்கைக் கொண்டே அறியலாம். மாணவனொருவன் பொருட்டுப் பாடசாலை பெறக்கூடிய 12 சிலிங்கில், வரவுக்காகக் கிடைப்பது 4 சிலிங்; எஞ்சிய 8 சிலிங்கும் பரிசோதகர் நடத்தும் சோதனையைப் பொறுத்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றனுள் ஒன்றில் தவறினால் 2 சிலிங் 8 பென்ஸ் குறையும். ஆண்டு முழுவதும் ஆசிரியர் செய்த பணியின் விலை ஒரு நாட் சோதனையில் நிர்ணயிக்கப்பட்டது. தாமே பரிசோதகராகவிருந்த கவிஞர் மத்தியூ ஆர்னல்டு, கல்வியை இயந்திரமாக்கும் முறையென இதனைக் கண்டித்தார். நூலின் பொருளறியாத சிறுவனும் அதன் பக்கங்களை மனப்பாடமாக ஒப்புவித்துப் பணம் ஈட்டித்தர முடிந்தது.

இனி, இவ்வளவுகோலை வாவிக்கரையில் வைத்துப் பார்ப்போம். வடகீழ்ப் பருவமழையில் வாவி பெருகுங்கால் துறை அடைபடும். அறுவடைக் காலத்திற் சிறுவர் பலர் பெற்றோருடன் வயல்வாடிக்குச் செல்வர். வரவு இடாப்பில் இவையெல்லாம் வெறும் வரவின்மையே. நகரத்துப் பிள்ளையின் சோம்பலும் படுவான்கரைப் பிள்ளையின் வெள்ளமும் ஒரே குறியாகவே பதியப்படும். குறி ஒன்றாயினும் காரணம் வேறு. காரணத்தை நோக்காத சோதனை வறிய பாடசாலையை மேலும் வறியதாக்கும்.

தூர விதியும் இத்தகையதே. உதவி நன்கொடை பெறும் பாடசாலையொன்றுக்குக் குறித்த தூரத்துள் அதே வகையான வேறொரு பாடசாலை நன்கொடை பெறுதலை 1874 முதல் அவ்விதி தடுத்தது. ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் எழுவான்கரைக் கிராமங்களில், முன்னரே நிலைகொண்ட பாடசாலைக்கு இது அரணாயிற்று. பின்வந்த சைவ மக்களுக்கோ தடையாயிற்று. வாவியின் குறுக்கே நூல்பிடித்து அளப்பார்க்கு எதிர்க்கரை மிக அண்மையே. படகுக்குக் காத்துநிற்கும் சிறுவனுக்கு அஃது அண்மையன்று. இந்நிலையிலேதான் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளின் பணியை உணர்தல் வேண்டும். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1925 முதல் அப்பாடசாலைகளின் முகாமையை ஏற்று நடத்தியதும், 1929இல் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயம் எழுந்ததும் இம்மாவட்டக் கல்வி வரலாற்றின் திருப்பங்களாம்.

1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளுட் பெரும்பாலன அரசின் கைக்கு மாறின. வித்தியாதரிசி என்னும் பெயரும் மறைந்தது. இன்று குருக்கள்மடம் பட்டிருப்புக் கல்வி வலயத்தைச் சார்ந்தது. அகமதிப்பீடு, புறமதிப்பீடு என்பன நடைபெறுகின்றன. எனினும் பழைய மயக்கம் நீங்கிற்றில்லை. 1ஏபி, 1சி, வகை 2, வகை 3 என்னும் பிரிவுகள் பாடசாலையில் எவ்வகுப்புவரை, எத்துறைகள் கற்பிக்கப்படுகின்றன என்பதையே குறிப்பன. பெற்றோர் பலர் அவற்றைத் தரவரிசையாகவே கொள்கின்றனர். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் சோதனையில் எத்தனைபேர் வெட்டுப்புள்ளியைத் தாண்டினர் என்பதே ஊரவர் கேட்கும் முதற் கேள்வி. பெயர் குறைந்த பாடசாலையிலிருந்து வசதியுள்ளோர் பிள்ளைகளை விலக்குவர். மாணவர் தொகை குன்றும். தொகை குன்ற ஆசிரியரும் குறைவர். மறுவருடம் பெறுபேறு மேலும் தாழும். பழைய முறையில் அரசு குறைத்த பணத்தை இன்று ஊராரின் அவநம்பிக்கை குறைக்கின்றது.

பரிசோதனையே வேண்டாவெனக் கூறுதல் எம் கருத்தன்று. பார்ப்பாரற்ற பாடசாலையில் முதலில் நட்டமடைபவர் ஏழைப் பிள்ளைகளே. பார்வையிட வருபவர் பிள்ளை எங்கே நிற்கின்றது என்பதோடு எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதுவாராக. குறை கண்டவிடத்து அதனை நீக்கும் ஆசிரியரையும் அனுப்புவாராக. அவ்வாறு செய்யின் தரமிடுதல் கல்விக்குத் துணையாகும்.

இதற்குச் சான்று தரக்கூடியவை பாடசாலைகளின் சம்பவத் திரட்டுப் புத்தகங்கள். வித்தியாதரிசியின் வருகை, வெள்ளத்தால் மூடிய நாள், ஆசிரியர் மாற்றம் முதலியவற்றைத் தலைமையாசிரியர்கள் அவற்றிலே பதிந்தனர். 1978 நவம்பர் 23ஆந் தேதிப் புயலும், 2004 டிசம்பர் 26ஆந் தேதி ஆழிப்பேரலையும், நீண்ட போரும் கடந்த மாவட்டம் இது. கறையானும் தன் பங்கைத் தவறவிடுவதில்லை. எஞ்சிய ஏடுகளைத் தேடிப் படியெடுத்து வைத்தல், வாவிக்கரையிலிருந்து வந்து கற்கும் மாணவரும் கற்றுச் சென்ற பழைய மாணவரும் உடனே ஏற்கத்தக்க பணியாகும். ஓராண்டுப் பெறுபேற்றைக் கொண்டு ஒரு பாடசாலையை இகழ்வார்க்கு, நூறாண்டு அது கடந்த நீரையும் காற்றையும் அவ்வேடுகளே எடுத்துரைக்கும்.