கட்டிலருகே இருப்பவர்: இந்தியாவில் மறதிநோய்ப் பராமரிப்பின் வரலாறு

இந்தியாவில் மறதிநோயின் வரலாறு மருத்துவமனையில் நிகழ்ந்தது குறைவு; வீட்டில் நிகழ்ந்ததே மிகுதி. மனைவியும் மகளும் மருமகளும் ஆற்றிய பணி 'கடமை' எனப் பெயர் பெற்றதால், அது உழைப்பாகப் பதிவேடுகளில் ஏறியது அரிது.

1992இல் அல்சைமர் மற்றும் தொடர்புடைய கோளாறுகளுக்கான இந்தியச் சங்கம் கேரளத்தில் தோன்றியது. மறு ஆண்டே கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வலி மற்றும் நோய்த்தணிப்புக் கழகம் உருவாயிற்று. முன்னது நினைவிழப்பையும், பின்னது தொடக்கத்தில் பெரிதும் புற்றுநோயாளரின் வலியையும் கருத்திற்கொண்டன. மறதிநோயின் இறுதிக்கட்டம் இவ்விரண்டுக்கும் இடையே நின்றது. புற்றுநோயில் முடிவு நெருங்குவதை ஓரளவு கணிக்கலாம்; மறதிநோயிலோ சரிவு ஆண்டுக்கணக்கில் நீளும். விழுங்க இயலாமை, படுக்கைப்புண், திரும்பத் திரும்ப வரும் தொற்று ஆகியன தனித்தனித் தொல்லைகளாகவே தோன்றும். இது இறுதிக்கட்டம் என்பதைக் குடும்பம் பலவேளை பிந்தியே அறியும்.

1998இல் கொச்சியில் நடந்த பன்னாட்டு மாநாட்டை ஒட்டி 10/66 ஆய்வுக்குழு அமைந்தது. மறதிநோயாளரில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தும், அவர்களைப் பற்றிய ஆய்வு 10 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதை அப்பெயர் சுட்டியது. அக்குழுவின் வழியில் கோவாவில் நடந்து 2008இல் வெளியான ஆய்வு குறிப்பிடத்தக்கது. 81 குடும்பங்கள் அதில் இணைந்தன. மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் வீடு தேடிச் சென்று, நோயை விளக்கி, அன்றாடப் பராமரிப்புக்கு வழிகாட்டினர். நோயாளியின் செயல்திறனில் உறுதியான முன்னேற்றம் காணப்படவில்லை. ஆனால் பராமரிப்பாளரின் மனநலம் மேம்பட்டது. நோய் மாறாவிடினும் சுமை குறையலாம் என்பதே இதன் பொருள். ஆய்வுக் காலத்திலேயே நோயாளிகள் 18 பேர் இறந்தனர். ஆகவே, அவ்வாறு குறிக்கப்படாவிடினும், அது இறுதிக்காலப் பராமரிப்பு பற்றிய ஆய்வுமாகும்.

அதே 2008இல் கேரள அரசு நோய்த்தணிப்புக் கொள்கையை அறிவித்து, வீட்டுவழிப் பராமரிப்பில் உள்ளாட்சிகளுக்குப் பங்களித்தது. புற்றுநோயாளர் மட்டுமின்றி நெடுநாள் படுக்கையில் கிடப்போரும் அதன் எல்லைக்குள் வந்தனர். இரு நீரோட்டங்களும் ஒன்றையொன்று அணுகத் தொடங்கியது இங்கேதான்.

2023இல் வெளியான மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்கின்றனர். இக்கணக்கு நோயாளரை எண்ணுகிறது. அவர்களின் கட்டிலருகே இரவெல்லாம் விழித்திருப்போரை எண்ணுவதில்லை. அவர்களுக்கு ஒருநாள் ஓய்வை யார் தருவது என்னும் வினாவுக்கு 1992இல் குடும்பமே விடையாக இருந்தது. இன்றும் பெரும்பாலும் அதுவே விடை.