கோக் போனால் பொவொன்டோ... ஐபிஎம் போனால்?

போன வாரம் பிஸினஸ் லா பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஃபெராவுக்கும் ஃபெமாவுக்கும் உள்ள வேறுபாடு, 5 மார்க். நம்ம கிளாஸில் எல்லோரும் மனப்பாடம் செய்த கேள்விதான். 1973-ல் வந்த ஃபெரா, வெளிநாட்டுக் கம்பெனிகள் இங்கே 40 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பதற்குக் கட்டுப்பாடு போட்டது. மறுத்த கோகோ கோலா 1977-ல் போனது, ஐபிஎம் 1978-ல் போனது. கைடில் இது ஒரு வரி. அடுத்த வரியிலேயே ஃபெமாவுக்குத் தாவிவிடுகிறார்கள்.

எனக்கு அந்த ஒரு வரி தொண்டையில் மாட்டிக்கொண்டது. கோக் போனால் என்ன, காளிமார்க் பொவொன்டோ குடித்துவிட்டுப் போகலாம். ஐபிஎம் போனால்? அது விற்றது குடித்துத் தீர்ந்துபோகிற சரக்கு இல்லையே. மிஷின் இங்கேயே இருக்கும். செய்தவன் ஊருக்குப் போய்விட்டான். மறுநாள் காலை மிஷின் நின்றால் யார் பார்ப்பது?

எங்க ஊர்க்காரனுக்கு இந்தக் கேள்வி வருவதில் ஆச்சரியம் இல்லை. சுங்குவார்சத்திரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் 2006-ல் நோக்கியா ஃபோன் செய்ய ஆரம்பித்த இடம் இருக்கிறது. 2014 நவம்பரில் அங்கே வேலை நின்றது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. ஹைவேயில் ஓடிக்கொண்டிருந்த கம்பெனி பஸ்கள் குறைந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. சில வருடம் கழித்து சால்காம்ப் அந்த வளாகத்தை எடுத்துக்கொண்டது. "கம்பெனி போயிடுச்சு" என்றால் எங்களுக்கு அது வெறும் பாடம் இல்லை.

சரி, மேட்டருக்கு வருவோம்.

1960களில் ஐபிஎம் இந்தியாவுக்குக் கொண்டுவந்த முக்கியமான மிஷின் 1401. உலகத்துக்கு அறிமுகமானது 1959-ல். இதன் அதிகபட்ச நினைவகம் 16,000 எழுத்து. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரையே அதில் பெரிய பங்கைப் பிடித்துக்கொள்ளும். வெளிநாட்டில் ஓடித் தேய்ந்த மிஷின்களை வாங்கி, மும்பையில் புதுப்பித்து, இங்கே வாடகைக்கு விட்டார்கள். வாங்கியவர் யாரும் சொந்தக்காரர் இல்லை, எல்லோரும் குடித்தனக்காரர்கள்தான். பழைய மிஷினுக்குக் கொழுத்த வாடகை என்பதுதான் அப்போதைய பெரிய புகார். 1971-லேயே ஐபிஎம் 1401-ஐ விற்பனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. நம்ம நாட்டில் 1978-லும் ஓடிக்கொண்டிருந்தது!

ஓடி என்ன செய்தது? ராக்கெட் விடவில்லை. ரயில்வே மண்டலத் தலைமையகங்களில் சம்பளப் பட்டியல் போட்டது, சரக்குக் கட்டணக் கணக்கு பார்த்தது. அதாவது நம்ம காமர்ஸ் வேலை. ஆகவே மிஷின் நின்றால் நிற்பது ஒரு பெட்டி அல்ல, ஒன்றாம் தேதிச் சம்பளம்.

இந்த இடத்தில்தான் சிஎம்சி வருகிறது. முழுப்பெயர் கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன். பெயரே பராமரிப்பு! 1975-ல் மத்திய அரசு தொடங்கிய பொதுத்துறை நிறுவனம். ஐபிஎம் போனதும் அதன் மிஷின்களைப் பராமரிக்கும் பொறுப்பு இதன் தலையில் விழுந்தது. ஐபிஎம்மில் இருந்த இன்ஜினியர்கள் சிலர் இங்கே சேர்ந்தார்கள். வேறு சிலர் ஐடிஎம் என்று தனிக் கம்பெனியே ஆரம்பித்து, ஐபிஎம் நடத்திய டேட்டா சென்டர் வேலையைத் தொடர்ந்தார்கள். கம்பெனி போனது, வேலை தெரிந்த ஆள் போகவில்லை. கைடு போட்டவர்கள் விட்டுவிட்ட பாதி இதுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஐபிஎம் இன்ஜினியர் ஐபிஎம் மிஷின் மட்டும் பார்த்தால் போதும். சிஎம்சி ஆள் அப்படி இருக்க முடியாது, பல கம்பெனி மிஷின்களைப் பார்க்க வேண்டும். அங்கிருந்து மேலே போய் 1985-86-ல் டெல்லியில் ரயில் டிக்கெட் முன்பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் இதே சிஎம்சிதான். அந்த இம்ப்ரெஸ் என்ற சிஸ்டம் பிறகு சென்னைக்கும் வந்தது. (அது ஓடியது வாக்ஸ் மிஷினில், ஐபிஎம்மில் அல்ல.) ரிப்பேர் பார்க்க வந்தவர்கள் வீடே கட்டிக்கொடுத்த கதை. 2001-ல் சிஎம்சி டாடா கைக்குப் போய், 2015-ல் டிசிஎஸ்ஸோடு கலந்துவிட்டது.

இனி அந்த ரிப்பேர் என்ற கலையைப் பற்றி. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது பெரியம்மா மகன். அண்ணன் சென்னையில் ஒரு ஐடி கம்பெனியில் மெயின்ஃப்ரேம் சப்போர்ட். வாரத்தில் சில நாள் இங்கிருந்தே நைட் ஷிஃப்ட்.

ஐஐடி மெட்ராஸுக்கு 1973-ல் ஜெர்மனி உதவியோடு ஐபிஎம் 370/155 வந்தது. அந்தக் காலத்தில் ப்ரோகிராம் என்றால் ஒரு கட்டு துளை அட்டை. ஒரு அட்டைக்கு 80 கட்டம். கட்டு கைநழுவிக் கீழே விழுந்தால் அவ்வளவுதான். அதனால்தான் 73 முதல் 80 வரையுள்ள கட்டங்களை வரிசை எண்ணுக்கு ஒதுக்கினார்கள். அதையும் போடச் சோம்பல்படுகிறவன் கட்டின் விளிம்பில் மார்க்கரால் குறுக்கே ஒரு சாய்கோடு இழுத்துவிடுவான். அட்டை இடம் மாறினால் கோடு உடைந்து தெரியும். உலகம் முழுக்க மெயின்ஃப்ரேம்காரர்கள் செய்த தந்திரம் இது. அட்டை போய் எத்தனையோ காலம் ஆகிறது. இன்றைக்கும் அண்ணன் எழுதும் ஜேசிஎல் 71-ஆவது கட்டத்தைத் தாண்டக்கூடாது. இல்லாத அட்டைக்கு மரியாதை!

ஜேசிஎல் என்பது மிஷினுக்குக் கொடுக்கும் வேலைச்சீட்டு. எந்த ப்ரோகிராம், எந்த ஃபைல், எந்த வரிசையில் என்று எழுதிக் கொடுப்பது. 1964-ல் அறிவித்த சிஸ்டம்/360-க்காக வந்தது. அந்த ஓஎஸ்/360 வேலையைத் தலைமை தாங்கி நடத்திய ஃப்ரெட் ப்ரூக்ஸே பிற்காலத்தில் இதைவிட மோசமான மொழி இல்லை என்கிற அளவுக்குத் திட்டியிருக்கிறார். ஏன் என்று அண்ணன் ஒரு உதாரணம் காட்டினார். ஒவ்வொரு படியும் முடியும்போது ஒரு எண் கொடுக்கும். 0 என்றால் சுபம், 4 என்றால் எச்சரிக்கை, 8, 12, 16 என்றால் வில்லங்கம். (ஏன் நான்கு நான்காக? அந்த எண்ணை வைத்து நேராக ஒரு பட்டியலுக்குள் தாவுவார்கள், பட்டியலில் ஒவ்வொரு வரியும் 4 பைட்.) இப்போது 'காண்ட்' என்று ஒரு கட்டளை. அதில் "4, சிறியது" என்று எழுதினால், 4 என்பது முன்படி கொடுத்த எண்ணைவிடச் சிறியதாக இருந்தால் இந்தப் படியை ஓட்டாதே என்று அர்த்தம். நிபந்தனை சரியாக இருந்தால் ஓடாது! படித்துவிட்டு நானும் தலைகீழாக நின்று பார்த்தேன், புரிய அரை மணி நேரம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஐஇஎஃப்பிஆர்14. உலகத்திலேயே எதுவும் செய்யாத ப்ரோகிராம். ஜேசிஎல்லில் ஃபைல் உருவாக்குவதும் அழிப்பதும் ப்ரோகிராமின் வேலை இல்லை, சிஸ்டமே பார்த்துக்கொள்ளும். ஆனால் சும்மா கேட்டால் செய்யாது, ஏதாவது ஒரு ப்ரோகிராமை ஓட்டு, அந்தச் சாக்கில் செய்கிறேன் என்கும். நம்ம அரசு அலுவலக ஞாபகம் வருகிறதா? அதற்காக எழுதியதுதான் இது. மொத்தமே ஒரு கட்டளை: ரெஜிஸ்டர் 14-ல் இருக்கும் முகவரிக்குத் திரும்பிப் போ. வந்தேன், போகிறேன். அதிலும் தப்பு! திரும்பிப் போகும்போது ரெஜிஸ்டர் 15-ல் இருப்பதைத்தான் முடிவு எண்ணாக எடுத்துக்கொள்வார்கள். இவர் அதைத் தொடவே இல்லை. அங்கே முன்பே கிடந்த ஏதோ ஒரு முகவரி முடிவு எண்ணாகப் போய் நின்றது. ஒன்றுமே செய்யாத ப்ரோகிராம் தோல்வி என்று அறிக்கை கொடுத்தது. பிறகு ரெஜிஸ்டர் 15-ஐப் பூஜ்யமாக்க இன்னொரு கட்டளை சேர்த்தார்கள். ப்ரோகிராம் ஒரே நாளில் இருமடங்கு வளர்ந்தது :-)

சிரிப்பு போதும். ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். மணி இரண்டே கால் இருக்கும். அண்ணன் ஃபோன் அடித்தது. ஒரு ஜாப் விழுந்துவிட்டது, எஸ்0சி7. ஸ்கிரீனை எனக்குக் காட்டவில்லை, அது கூடாது. மறுநாள் பேப்பரில் வரைந்து விளக்கினார்.

கோபால் மொழியில் (நம்ம தெரு கோபால் இல்லை, 1959-60-ல் பிறந்தவர்) பணத் தொகையை ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கமாக அடைத்து வைப்பார்கள். 1250 என்றால் 01 25 0சி. கடைசி அரைப் பைட் குறி. சி என்றால் கூட்டல், டி என்றால் கழித்தல். ஞாபகம் வைக்க வழி: சி கிரெடிட், டி டெபிட். வரவு, பற்று! ஒரு காமர்ஸ்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அன்று ஒரு ரெக்கார்டில் தொகை இருக்க வேண்டிய இடம் காலி. ஐபிஎம் எழுத்துமுறையில் வெற்றிடம் என்பது 40. ஆக 40 40 40. கடைசி அரைப் பைட் 0, அது கூட்டலும் இல்லை கழித்தலும் இல்லை. மிஷின் நின்றுவிட்டது. 1964-ல் வந்த 360-ல் ஏழாம் எண் நிறுத்தம் என்பது டேட்டா கோளாறு. அதே 7-தான் இன்றும் கடைசியில் நிற்கிறது.

வழி இதுதான். டம்ப்பில் எந்த இடத்தில் நின்றது என்ற எண்ணை எடு, கம்பைல் லிஸ்டிங்கில் அது எந்த வரி என்று பார், எந்தத் தொகை என்று பிடி, இன்புட் ஃபைலைத் திறந்து 'ஹெக்ஸ் ஆன்' கொடுத்துத் தேடு. அண்ணன் முக்கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

"அங்க ஒரு ஜீரோ போட்டா ஓடிடுமே, அண்ணா?" என்றேன்.

"ஓடிடும்டா. யாருக்கும் தெரியவும் தெரியாது. காசு யாரோடதுன்னு மட்டும் கேக்காத."

அவர் அந்த ரெக்கார்டைத் தனி ஃபைலில் ஒதுக்கி வைத்து, காலையில் சம்பந்தப்பட்டவர்களுக்கு மெயில் போட்டு, மற்றதை ஓட்டினார். அட, இது நம்ம சஸ்பென்ஸ் அக்கவுண்ட்! புரியாத தொகையை அழிக்காதே, தனியே வை. இரண்டாவது வருடத்தில் படித்தபோது இது எதற்கு என்று கேட்டவன் நான்.

ஓட்டினார் என்று சுலபமாக எழுதிவிட்டேன். முதலிலிருந்து ஓட்டக்கூடாது. விழுவதற்கு முன் முடிந்த படிகள் ஏற்கனவே கணக்கில் எழுதியிருக்கும். மறுபடி ஓட்டினால் ஒரே வவுச்சர் இரண்டு முறை பதிவாகும். அதனால் விழுந்த படியிலிருந்து 'ரீஸ்டார்ட்'. அதற்கும் முன் அந்தப் படி பாதி எழுதிவிட்டு விழுந்ததா என்று பார்க்க வேண்டும். ஃபைல்களைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருப்பது இதற்குத்தான். இன்றைய ஃபைல், நேற்றையது, முந்தாநாளையது என்று மகன், அப்பா, தாத்தா. மகன் கெட்டால் அப்பாவிடம் போ. ராத்திரி ஓடிய ஜாப்களின் லாகைப் படித்து 0 தவிர வேறு எண்ணில் முடிந்ததை மட்டும் பட்டியலிட அண்ணன் ஒரு சின்ன ரெக்ஸ் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறார். ரெக்ஸ் 1979-ல் ஐபிஎம்மின் மைக் கௌலிஷா உருவாக்கியது. சப்போர்ட்டுக்கு வருகிறவன் முதலில் எழுத வேண்டியது இந்த மாதிரி ஒன்றைத்தான் என்பது அவர் கட்சி.

ஐபிஎம் 1992-ல் டாடாவோடு கூட்டு சேர்ந்து திரும்பி வந்தது. அடுத்து ஒய்2கே. 80 கட்டத்தில் இடம் மிச்சம் பிடிக்க வருடத்துக்கு இரண்டு இலக்கம் போட்டுப் பழகியதன் வினை. அதைத் திருத்த உலகம் ஆள் தேடியபோது சென்னையில் ஆள் இருந்தது. அந்தக் கதை எல்லோரும் எழுதியாகிவிட்டது, விட்டுவிடுகிறேன். ஆனால் அதை 1998-ல் ஆரம்பிப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. 1978-ல் கைவிடப்பட்ட மிஷினை ஓடவைத்தவர்களிடமிருந்து ஆரம்பிக்க வேண்டிய கதை அது.

அண்ணனின் ப்ராஜெக்டை வேறு சிஸ்டத்துக்கு மாற்றப்போவதாக மூன்று வருடமாகச் சொல்கிறார்கள். பெரியம்மாவுக்கு அதில்தான் கவலை. மாற்ற வேண்டுமென்றால் பழைய ப்ரோகிராம் என்ன செய்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும். அந்த மீட்டிங்குக்கும் அண்ணனைத்தான் கூப்பிடுகிறார்கள். அவர் ஒரு நீள நோட்டில் விழுந்த ஜாப், தேதி, காரணம், செய்த வைத்தியம் எல்லாம் கையால் எழுதி வைத்திருக்கிறார். முதல் சில பக்கங்கள் வேறொருவர் கையெழுத்து. அவருக்கு முன்னால் அந்த சீட்டில் இருந்தவராம்.

டிஸ்கி: பரீட்சையில் ஃபெரா, ஃபெமா வரவே இல்லை. சரக்கு விற்பனைச் சட்டம்தான் கேட்டார்கள்.