ஹக்கீம் ஒலாஜுவான்: கோல்கீப்பராக இருந்த கூடைப்பந்து மன்னர்

ஹக்கீம் அப்துல் ஒலாஜுவான் (பிறப்பு: 21 ஜனவரி 1963) நைஜீரியாவில் பிறந்து, அமெரிக்காவில் புகழ்பெற்ற கூடைப்பந்து வீரர். அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வில் 18 பருவங்கள் ஆடினார். அவற்றில் 17 பருவங்கள் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியில் கழிந்தன. அந்த அணி 1994, 1995 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து இரண்டு கோப்பைகளை வென்றதற்கு முதன்மைக் காரணம் இவரே. பட்டியல்களில் இவருடைய உயரம் ஏழடி என்றிருக்கும்; அதைவிட இரண்டு அங்குலம் குறைவு என்று பிற்காலத்தில் அவரே சொன்னதுண்டு. உயரமானவர்கள் நெருக்கியடித்துக்கொள்ளும் கூடையடியில், குள்ளமான கார்டு வீரரின் கால்வேகத்தோடு ஆடியவர் என்பதுதான் இவரை மற்ற சென்டர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது.

லாகோஸ் நகரில் சிமெண்ட் வியாபாரம் செய்த யொரூபா முஸ்லிம் குடும்பம் அவருடையது. அங்கே விளையாட்டு என்றால் கால்பந்துதான். சிறுவன் ஒலாஜுவானும் கால்பந்தில் கோல்கீப்பர். பள்ளியில் ஹேண்ட்பால் வீரர். கூடைப்பந்தை முதன்முதலில் முறையாக ஆடியபோது வயது 15. அமெரிக்கப் பிள்ளைகள் எட்டு வயதிலேயே தெருவோர வளையத்தில் பந்தெறியத் தொடங்கிவிடுகிறார்கள் என்பதை நினைத்தால் இது மிகவும் பிந்திய வயது. ஆனால் இந்தத் தாமதமே அவருக்குக் கைகொடுத்தது என்று சொல்ல இடமிருக்கிறது. கோல்கீப்பருக்குப் பக்கவாட்டில் பாயத் தெரிய வேண்டும். பந்து வரும் கோணத்தை முன்கூட்டிக் கணிக்க வேண்டும். ஹேண்ட்பாலில் ஒரு தோளைக் காட்டி எதிராளியை ஏமாற்றி மறுபக்கம் எறிய வேண்டும். இந்த இரண்டும் பழகிப்போன கால்களோடும் தோள்களோடும்தான் அவர் கூடைப்பந்துக்கு வந்தார்.

1980இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர அமெரிக்கா வந்து இறங்கினார். விமான நிலையத்திலிருந்து அழைத்துப்போக யாரும் வரவில்லை என்றும், தொலைபேசியில் கேட்டபோது டாக்சி பிடித்து வரச் சொன்னார்கள் என்றும் ஒரு கதை உண்டு. பல்கலைக்கழகம் அவரிடம் அவ்வளவாக எதையும் எதிர்பார்க்கவில்லை என்பதற்கு இன்னொரு சான்றும் இருக்கிறது: முதல் ஆண்டு அவரைப் போட்டிகளில் ஆடவிடாமல் உட்கார வைத்தார்கள். அந்த இடைவெளியில் அவருக்கு வேறொரு பள்ளிக்கூடம் கிடைத்தது. ஹூஸ்டனின் ஃபோண்டே பொழுதுபோக்கு மையத்துக்கு அப்போது ராக்கெட்ஸ் அணியில் ஆடிக்கொண்டிருந்த மோசஸ் மலோன் வருவார். என்.பி.ஏ.வின் மிகச் சிறந்த வீரர் விருதை அதற்கு முன்பே வாங்கியிருந்தவர்; கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றும் ரீபவுண்டில் அவரை மிஞ்ச ஆளில்லை. கோடைதோறும் அவரோடு முட்டி மோதித்தான் கூடையடியில் இடம்பிடிக்கும் வித்தையை நைஜீரிய இளைஞர் கற்றுக்கொண்டார். அலட்டிக்கொள்ளாமல் டங்க் செய்வதைப் பார்த்த பயிற்சியாளர் கை லூயிஸ் வைத்ததுதான் 'ட்ரீம்' என்ற பட்டப்பெயர்.

கிளைட் டிரெக்ஸ்லர் போன்றவர்களோடு சேர்ந்து அவர் ஆடிய பல்கலைக்கழக அணி 1982, 83, 84 ஆகிய மூன்று ஆண்டுகளும் தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாக வந்தது. கோப்பை மட்டும் கிட்டவில்லை. 1983 இறுதியாட்டத்தில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தை ஹூஸ்டன் ஊதித் தள்ளிவிடும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். கடைசி நொடியில் கூடைக்கு எட்டாமல் விழுந்த பந்தை லொரென்சோ சார்ல்ஸ் காற்றிலேயே பிடித்து உள்ளே திணிக்க, 54-52 என்று ஆட்டம் முடிந்தது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மிகப் பெரிய அதிர்ச்சிகளுள் ஒன்றாக இன்றும் பேசப்படும் ஆட்டம் அது. 20 புள்ளிகளும் 18 ரீபவுண்டுகளும் எடுத்த ஒலாஜுவானுக்கே போட்டியின் தலைசிறந்த வீரர் விருது கிடைத்தது. தோற்ற அணியிலிருந்து ஒருவர் அந்த விருதைப் பெறுவது அதன்பின் நடக்கவேயில்லை. அடுத்த ஆண்டு இறுதியாட்டத்தில் பாட்ரிக் யூயிங் ஆடிய ஜார்ஜ்டவுன் 84-75 என வென்றது. யூயிங்கோடு கணக்குத் தீர்க்க அவர் பத்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

புதிய வீரர்களை என்.பி.ஏ. அணிகள் தேர்ந்தெடுக்கும் 1984 டிராஃப்டில் முதல் தேர்வு யாருக்கு என்பதை நாணயம் சுண்டித்தான் முடிவு செய்தார்கள். ஹூஸ்டன் வென்றது, ஒலாஜுவானைத் தேர்ந்தெடுத்தது. போர்ட்லாந்து இரண்டாவதாக சாம் பூவியை எடுத்தது. மூன்றாவதாக சிகாகோவுக்குக் கிடைத்தவர் மைக்கேல் ஜோர்டன். ஜோர்டனைக் கைவிட்டதற்காக போர்ட்லாந்தை இன்றுவரை பரிகசிக்கிறார்கள். ஹூஸ்டனை யாரும் பெரிதாகக் குறை சொல்வதில்லை என்பதே ஒலாஜுவானுக்குக் கிடைத்த நல்ல சான்றிதழ்.

முந்தைய பருவத்தில் 29 ஆட்டங்களில் மட்டும் வென்ற ராக்கெட்ஸ், அவர் வந்த முதல் ஆண்டிலேயே 48 வெற்றிகளுக்கு ஏறியது. ஏழடி நாலங்குல உயரம் கொண்ட ரால்ஃப் சாம்ப்சனும் அதே அணியில் இருந்ததால் இருவரையும் 'இரட்டைக் கோபுரங்கள்' என்றார்கள். 1986இல் நடப்பு வாகையரான லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்சை 4-1 என்று வெளியேற்றினார்கள். அந்தத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் சாம்ப்சன் கடைசி நொடியில் திரும்பியெறிந்த பந்து வளையத்தில் தட்டித் தடுமாறி விழுந்ததை ஒலாஜுவான் களத்திலிருந்து பார்க்கவில்லை. லேக்கர்ஸ் வீரர் ஒருவரோடு கைகலப்பில் இறங்கியதற்காக நடுவர்கள் அவரை முன்னமே வெளியேற்றியிருந்தார்கள். இளவயது ஒலாஜுவான் முன்கோபி. இறுதித் தொடரில் பாஸ்டன் செல்டிக்ஸ் 4-2 என வென்றது.

இந்த அணி பத்தாண்டுகள் ஆளும் என்று கணித்தவர்கள் ஏமாந்தார்கள். சாம்ப்சனின் முழங்கால் கெட்டது. 1987 டிசம்பரில் அவரை வேறு அணிக்கு மாற்றினார்கள். போதைப்பொருள் காரணமாக முக்கியமான இரு வீரர்களை லீக் தடைசெய்தது. எஞ்சிய சுமை முழுவதும் ஒருவர் தோளில் விழுந்தது. அந்த வறண்ட ஆண்டுகளில் அவர் எடுத்த எண்கள் நம்பக் கடினமானவை. 1987இல் சியாட்டிலுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில் 49 புள்ளிகள், 25 ரீபவுண்டுகள், ஆனாலும் தோல்வி. 1988-89 பருவத்தில் 282 பிளாக்குகள் (எதிராளி எறிந்த பந்தைத் தடுத்தவை), 213 பந்துப் பறிப்புகள். ஒரே பருவத்தில் இரண்டிலும் 200ஐத் தாண்டியவர் வேறு எவரும் இல்லை. 1990 மார்ச் 29 அன்று மில்வாக்கிக்கு எதிராக 18 புள்ளிகள், 16 ரீபவுண்டுகள், 10 அசிஸ்டுகள், 11 பிளாக்குகள் என நான்கு பிரிவுகளிலும் இரட்டை இலக்கம். இவ்வளவுக்குப் பிறகும் ராக்கெட்ஸ் முதல் சுற்றைத் தாண்டத் திணறியது.

1992இல் அணியுடனான உறவு முறியும் நிலைக்கு வந்தது. தொடைத் தசையில் வலி என்று அவர் சொன்னதை நிர்வாகம் நம்பவில்லை, இடைநீக்கம் செய்தது. அவரும் தன்னை வேறு அணிக்கு அனுப்பிவிடும்படி கேட்டார். அந்த ஆண்டின் புதிய பருவத்தை ராக்கெட்ஸ் ஜப்பானில் தொடங்க வேண்டியிருந்தது. நீண்ட விமானப் பயணத்தில் உரிமையாளர் சார்லி தாமஸ் அவரோடு உட்கார்ந்து பேசினார், சண்டை தீர்ந்தது. இதே காலத்தில் வேறு இரண்டு மாற்றங்களும் நடந்தன. முன்னாள் ராக்கெட்ஸ் வீரரான ரூடி டொம்ஜானோவிச் பயிற்சியாளரானார். இளமையில் தளர்ந்திருந்த மதப் பற்றுக்கு ஒலாஜுவான் மீண்டும் திரும்பியிருந்தார். 'அக்கீம்' என்று பதிவாகியிருந்த பெயரை 1991இல் 'ஹக்கீம்' என்று திருத்திக்கொண்டார். முன்கோபம் போய் நிதானம் வந்ததற்கு இந்த மதப் பற்றே காரணம் என்று அவர் சொல்வார். டொம்ஜானோவிச்சின் திட்டமோ மிக எளிது: பந்தை ஒலாஜுவானிடம் கொடு, மூன்று புள்ளிக் கோட்டைச் சுற்றி எறியத் தெரிந்த நால்வரை நிறுத்து. இரண்டு பேர் அவரை மொய்த்தால் பந்து வெளியே போகும். மொய்க்காவிட்டால் அவரே முடித்துவிடுவார். இன்றைய என்.பி.ஏ. ஆட்டத்தின் முன்வடிவம் இதில் இருக்கிறது.

அவருடைய கையொப்பமான 'ட்ரீம் ஷேக்' உத்தியை இங்கே சொல்லியாக வேண்டும். கூடைக்கு முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்குவார். ஒரு தோளை எல்லைக்கோட்டுப் பக்கம் அசைப்பார். தடுப்பவர் அந்தப் பக்கம் சாய்ந்ததும் மறுபக்கம் சுழல்வார். தடுப்பவர் சுதாரித்து வந்தால் எறிவதுபோல் பந்தை உயர்த்துவார். தடுப்பவர் குதித்ததும் அடியால் நுழைந்து சாவதானமாகப் போடுவார். குதிக்காவிட்டால் பின்னால் சாய்ந்து எறிவார். தடுப்பவர் எதைச் செய்தாலும் தவறாகிவிடும்படி அடுக்கடுக்காகப் பின்னப்பட்ட உத்தி அது.

1993-94 பருவத்தை ராக்கெட்ஸ் தொடர்ந்து 15 வெற்றிகளோடு தொடங்கியது. பருவ முடிவில் மிகச் சிறந்த வீரர் விருது ஒலாஜுவானுக்கு. அமெரிக்காவுக்கு வெளியே பிறந்து வளர்ந்த ஒருவருக்கு அது கிடைத்தது முதல் முறை. கோப்பையைக் கொடுத்தபோது சக வீரர்களையும் மைதானத்துக்குள் அழைத்து அவர்களோடு சேர்ந்து வாங்கிக்கொண்டார். இறுதித் தொடரில் எதிரே நின்றது நியூயார்க் நிக்ஸ். அதன் சென்டர் யூயிங். ஏழு ஆட்டங்களிலும் ஒலாஜுவான் யூயிங்கைவிட அதிகப் புள்ளிகள் எடுத்தார். ஐந்தாவது ஆட்டம் நடந்த ஜூன் 17 இரவில், கொலை வழக்கில் தேடப்பட்ட ஓ.ஜே. சிம்ப்சனின் வெள்ளைக் காரைப் போலீஸ் துரத்திய காட்சியை ஒளிபரப்புவதற்காகத் தொலைக்காட்சித் திரையில் ஆட்டத்தைச் சின்னக் கட்டத்துக்குள் ஒதுக்கினார்கள். அந்த ஆட்டத்தில் நிக்ஸ் வென்று 3-2 என முந்தியது. ஆறாவது ஆட்டத்தின் கடைசி நொடி: ஹூஸ்டன் 86-84 என முன்னணியில் இருக்கிறது, ஜான் ஸ்டார்க்ஸ் மூன்று புள்ளி எறிகிறார், விழுந்தால் கோப்பை நியூயார்க்குக்கு. ஒலாஜுவான் பாய்ந்து விரல் நுனியால் பந்தைத் தொட்டார். ஏழாவது ஆட்டத்தை 90-84 என வென்று ராக்கெட்ஸ் தன் முதல் கோப்பையைப் பெற்றது. மிகச் சிறந்த வீரர், சிறந்த தடுப்பு வீரர், இறுதித் தொடரின் சிறந்த வீரர் ஆகிய மூன்று விருதுகளையும் ஒரே பருவத்தில் பெற்றவர் அவர் ஒருவரே.

என்றாலும் அவருடைய உச்சம் அடுத்த ஆண்டுதான். பருவத்தின் நடுவில் பழைய கல்லூரித் தோழர் டிரெக்ஸ்லர் அணிக்கு வந்து சேர்ந்தார். அந்தப் பிப்ரவரி மாதம் ரமலான். பகலில் தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்பிருந்து ஆடிய ஒலாஜுவானே அம்மாதத்தின் சிறந்த வீரராகத் தேர்வானார். அணி மட்டும் தடுமாறியது. 47 வெற்றிகளோடு மேற்குப் பிரிவில் ஆறாவது இடத்தில்தான் பிளேஆஃபுக்குள் நுழைந்தது. அங்கிருந்து 60 ஆட்டங்களில் வென்றிருந்த யூட்டா, 59இல் வென்றிருந்த ஃபீனிக்ஸ், 62இல் வென்றிருந்த சான் அன்டோனியோ, 57இல் வென்றிருந்த ஆர்லாண்டோ என நான்கு அணிகளையும் வீழ்த்தியது. ஃபீனிக்சிடம் 1-3 எனப் பின்தங்கி மீண்டு வந்தது. ஆறாவது இடத்திலிருந்து புறப்பட்டுக் கோப்பை வென்ற அணி அதற்கு முன்னும் பின்னும் கிடையாது.

சான் அன்டோனியோவின் டேவிட் ராபின்சனுக்கு அந்த ஆண்டின் மிகச் சிறந்த வீரர் விருது அறிவிக்கப்பட்டிருந்தது. இரண்டாவது ஆட்டத்துக்கு முன் கோப்பையை அவரிடம் மேடையேற்றிக் கொடுத்தார்கள். ஒலாஜுவான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த ஆட்டத்தில் 41 புள்ளிகள் எடுத்தார். தொடர் முழுவதும் சராசரி 35.3. ராபின்சன் லேசுப்பட்ட ஆளல்ல, சிறந்த தடுப்பு வீரர். அவரையே அப்படிச் சுழற்றியடித்ததால்தான் அந்தத் தொடர் பாடப்புத்தகமானது. இறுதித் தொடரில் 23 வயது ஷகில் ஓ'நீலின் ஆர்லாண்டோவை நான்கே ஆட்டங்களில் முடித்தார்கள்.

ஜோர்டன் பேஸ்பால் ஆடப் போயிருந்ததால் கிடைத்த கோப்பைகள் இவை என்று சிகாகோ ரசிகர்கள் சொல்வது வழக்கம். 1994க்கு அது ஓரளவு பொருந்தும். 1995இல் ஜோர்டன் திரும்பி வந்திருந்தார். அவரைத் தோற்கடித்தது ஆர்லாண்டோ. ஆர்லாண்டோவைத் துடைத்தெறிந்தது ஹூஸ்டன்.

பிற்பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1993இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்தவர், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்காகத் தங்கம் வென்றார். சார்ல்ஸ் பார்க்லி, ஸ்காட்டி பிப்பன் போன்ற பெரிய பெயர்கள் ஹூஸ்டனுக்கு வந்தும் மூன்றாவது கோப்பை வரவில்லை. 2001இல் டொராண்டோவுக்கு மாறி ஒரு பருவம் ஆடினார்; முதுகுவலியோடு 2002இல் ஓய்வு பெற்றார். அவருடைய 34ஆம் எண் சட்டையை ராக்கெட்ஸ் இனி யாருக்கும் தருவதில்லை.

பணத்தை அவர் கையாண்ட விதமும் தனி. நூறு டாலருக்கு மேல் விலைவைத்து ஏழைப் பிள்ளைகளிடம் காலணி விற்பது அவருக்குப் பிடிக்கவில்லை. மலிவு விலைக் காலணிக்கே தன் பெயரைக் கொடுத்தார். வட்டி கூடாது என்பதால் கடன் வாங்காமல் ரொக்கம் கொடுத்தே ஹூஸ்டனில் மனைகளும் கட்டடங்களும் வாங்கி நல்ல லாபம் பார்த்தார். நகரின் மையத்தில் 1928இல் கட்டப்பட்ட பழைய வங்கிக் கட்டடம் ஒன்றை வாங்கிப் பள்ளிவாசலாக்கினார்.

கோபி பிரையன்ட், லெப்ரான் ஜேம்ஸ் ஆகியோர் கூடையடி ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள ஹூஸ்டனுக்கு அவரைத் தேடி வந்தார்கள். 2011 இறுதித் தொடரில் தோற்ற கோடையில் வந்து பழகிய லெப்ரான், மறு ஆண்டே தன் முதல் கோப்பையை வென்றார். கேமரூனில் பதினைந்து வயதில் ஆடத் தொடங்கிய ஜோயல் எம்பீட் ஒலாஜுவானின் ஆட்டப் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் கால்நகர்வைக் கற்றார்; 2023இல் மிகச் சிறந்த வீரரானார்.

2008இல் ஒலாஜுவான் கூடைப்பந்துப் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டபோது, அதே ஆண்டு அவரோடு சேர்க்கப்பட்டவர்களில் பாட்ரிக் யூயிங்கும் இருந்தார். 1994இல் நியூயார்க்கின் பயிற்சியாளராக இருந்த பாட் ரைலியும் இருந்தார். மொத்தம் 26,946 புள்ளிகள், 13,748 ரீபவுண்டுகள், 3,830 பிளாக்குகள் அவர் கணக்கில் உள்ளன. பிளாக்குகளை லீக் அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியதே 1973இல்தான். அதற்கு முன் ஆடிய பெரும் சென்டர்களான பில் ரசலும் வில்ட் சேம்பர்லினும் தடுத்தவை எந்த ஏட்டிலும் இல்லை. ஏட்டில் உள்ள வரை முதலிடம் ஒலாஜுவானுக்கு. 3,289 பிளாக்குகளோடு அடுத்த இடத்தில் இருப்பவர் காங்கோவில் பிறந்த டிக்கெம்பே முடோம்போ.