வீட்டுப் பட்டியல்ல உங்க பேர் இருக்கா? உசிலம்பட்டியில் நூறு வருஷக் கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோடு ஒரு மொபெட்ல ஆரம்பிக்குது.

என்கூடப் படிச்ச நண்பன் ஒருத்தன். சொந்த ஊர் உசிலம்பட்டியைத் தாண்டி ஒரு கிராமம். இப்போ சென்னையில வேலை. அம்மா மட்டும் ஊர்ல, கூரை வீட்டுல இருக்காங்க. சில வருஷத்துக்கு முன்னாடி அரசு வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தவங்க, வாசல்ல நின்ன பழைய டிவிஎஸ் எக்ஸெல்லைப் பார்த்திருக்காங்க. மாட்டுக்குப் புல்லுக்கட்டு ஏத்திட்டு வர்ற வண்டி. "மாப்ள, வண்டி இருக்குன்னு வீடு இல்லைன்னுட்டாங்கடா"ன்னு ஃபோன்ல சொன்னான். நான் சிரிச்சுட்டேன். அவன் சிரிக்கல.

அவன் சொன்னது உண்மைதானான்னு தேடினேன். உண்மைதான். 2016-ல் வந்த பிரதம மந்திரி ஊரக வீட்டுத் திட்டத்துல, யாருக்கு வீடு கிடையாதுன்னு 13 விதிகள் இருந்துச்சு. மோட்டார் வச்ச ரெண்டு சக்கர வண்டி இருந்தா கிடையாது. ஃபிரிட்ஜ் இருந்தா கிடையாது. லேண்ட்லைன் ஃபோன் இருந்தா கிடையாது. குடும்பத்துல ஒருத்தர் மாசம் 10,000 ரூபாய்க்கு மேல சம்பாதிச்சா கிடையாது. வீட்டுக் கூரை ஒழுகுதாங்கிறது இதுக்கெல்லாம் அப்புறம்தான்.

இதுல ஒரு வேடிக்கையைக் கவனிங்க. 2018 பிப்ரவரியில தமிழ்நாடு அரசு 'அம்மா இருசக்கர வாகனத் திட்டம்' ஆரம்பிச்சது. வேலைக்குப் போற, வருமானம் குறைஞ்ச பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம். அதே 2018-லதான் விட்டுப்போன ஏழைக் குடும்பங்களைச் சேர்க்க 'ஆவாஸ் பிளஸ்'னு மத்திய அரசோட கணக்கெடுப்பும் தொடங்குச்சு. ஒரு அரசாங்கம் ஏழைன்னு சொல்லி வண்டி கொடுக்குது, இன்னொரு அரசாங்கம் வண்டி இருக்கிறதால ஏழை இல்லைங்குது.

இதைத் தோண்டப் போன எனக்கு உசிலம்பட்டியோட இன்னொரு பட்டியல் கண்ணுல பட்டுச்சு. அது நூறு வருஷத்துக்கு முன்னாடி எழுதினது. அதுவும் வீடு சம்பந்தப்பட்டதுதான், ஆனா தலைகீழா.

குற்றப் பழங்குடிச் சட்டம்னு கேள்விப்பட்டிருப்பீங்க. 1871-ல் வட இந்தியாவுல ஆரம்பிச்சு, 1911 சட்டத்தோட சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியில பிறந்தாலே நீ குற்றவாளின்னு சொன்ன சட்டம். மதுரைக்கு மேற்கே இருக்கிற பிரமலைக் கள்ளர் மக்கள் மேல அது 1914-லிருந்து கொஞ்சம் கொஞ்சமா விழுந்துச்சு. ஆண்கள் பேரைப் பதிவேட்டுல ஏத்தினாங்க, கைரேகை எடுத்தாங்க. ராத்திரி எங்க இருக்கேன்னு காவல்துறைக்குக் கணக்குச் சொல்லணும். ஊரை விட்டு வெளியே போகணும்னா சீட்டு வாங்கணும். 'ராத்திரிச் சீட்டு'ங்கிற வார்த்தை அந்தப் பக்கத்துப் பெரியவங்க நினைவுல இன்னும் இருக்கு. யோசிச்சுப் பாருங்க. சொந்த வீட்டுத் திண்ணையில படுத்துத் தூங்குறதே ஒரு ஆம்பளையோட விருப்பம் இல்ல, போலீஸோட விருப்பம்.

1920 ஏப்ரல் 3. பெருங்காமநல்லூர். கைரேகைப் பதிவுக்கு வர மாட்டோம்னு ஊர் திரண்டு நின்னுச்சு. போலீஸ் சுட்டுது. மாயக்காள்ங்கிற பெண் உட்படப் பலர் செத்துப்போனாங்க. நாம அதை வெறும் துப்பாக்கிச் சூடுன்னு படிக்கிறோம். அவங்க எதிர்த்தது தங்களைப் பட்டியல்ல ஏத்துறதை. பட்டியல்ல பேர் வந்தா என்ன ஆகும்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும்.

சென்னை மாகாணத்துல 1947-ல் அந்தச் சட்டம் ரத்தாச்சு, நாடு முழுக்க 1952-ல். அதுக்கப்புறம் கதை அப்படியே திரும்புது. அரசாங்கத்தோட பட்டியல்ல பேர் இல்லாம இருக்கணும்னு போராடின ஊர்கள்ல, பேர் இருக்கணும்னு மனுக் கொடுக்கிற காலம் வந்துச்சு.

வீட்டுப் பட்டியல் யாருக்காக ஆரம்பிச்சது? இந்திரா ஆவாஸ் யோஜனா 1985-ல் வந்தப்போ அது பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும், மீட்கப்பட்ட கொத்தடிமைகளுக்கும் மட்டும்தான். 1993-94-லதான் மத்த ஏழைகளையும் சேர்த்தாங்க. 1996 ஜனவரி 1-ல் அது தனித் திட்டமாச்சு. எங்க ஊர்ப் பக்கம் இந்த மாதிரி வரிசையாக் கட்டின வீடுகளைத் 'தொகுப்பு வீடு'ம்பாங்க, 'காலனி வீடு'ம்பாங்க. அந்த ரெண்டாவது சொல்லுக்குள்ள ஒரு சாதி முகவரி ஒளிஞ்சிருக்கு. அரசு ஆவணங்கள்லேர்ந்து 'காலனி'யை நீக்குவோம்னு முதலமைச்சர் 2025 ஏப்ரல்லதான் சட்டமன்றத்துல அறிவிச்சார்.

சரி, பணம் மத்திய அரசுது, மாநில அரசுது. இந்தத் தெருவுல இவருக்கு, அந்தத் தெருவுல அவருக்குன்னு முடிவு பண்றது யாரு? ஏட்டுல கிராம சபை. ஊராட்சித் தலைவர் கூட்டுற, ஊர் வாக்காளர்கள் எல்லாரும் உட்காரலாம்ங்கிற கூட்டம். இங்கதான் உசிலம்பட்டிக் கதை கொஞ்சம் சங்கடமான இடத்துக்கு வருது.

1996-ல் புதுப் பஞ்சாயத்துச் சட்டப்படி தமிழ்நாட்டுல உள்ளாட்சித் தேர்தல் நடந்துச்சு. இந்தப் பகுதியில பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம்னு மூணு ஊராட்சிகளோட தலைவர் பதவியைப் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கினாங்க. பத்து வருஷம் அங்க தலைவர்னு ஒருத்தர் நிலைச்சு உட்காரவே இல்ல. பெரும்பான்மைச் சாதியோட எதிர்ப்புல ஒண்ணு யாரும் மனு போட மாட்டாங்க, இல்லைன்னா ஒருத்தர் ஜெயிச்ச கையோட ராஜினாமா பண்ணிடுவார். எதிர்த்தது யார்ங்கிறதை மறைக்கிறதுல அர்த்தம் இல்ல. எந்தச் சமூகத்தோட தாத்தாக்கள் ராத்திரிச் சீட்டுக்காக நின்னாங்களோ, அதே சமூகம்தான். ஒரு பட்டியலோட கொடுமையை அனுபவிச்சவங்க, பக்கத்துத் தெருக்காரர் பட்டியலுக்கு மேல கையெழுத்துப் போடற நாற்காலிக்கு வர்றதை ஏத்துக்கல. ரெண்டையும் சேர்த்துச் சொல்லாம இந்த ஊர் வரலாற்றைச் சொல்ல முடியும்னு எனக்குத் தோணல.

2006 அக்டோபர்ல அந்த மூணு ஊர்லயும் ஒழுங்காத் தேர்தல் நடந்து, ஜெயிச்சவங்க பதவியில தொடர்ந்தாங்க. 2021 காந்தி ஜெயந்தி அன்னிக்கு முதலமைச்சர் ஸ்டாலின் பாப்பாபட்டி கிராம சபையிலேயே போய் உட்கார்ந்தார். டிவியில அதைப் பார்த்த பலருக்கு ஏன் அந்த ஊர்னு புரிஞ்சிருக்காது. இதுதான் காரணம்.

நடுவுல இன்னொரு சோதனையும் நடந்துச்சு. 1997-ல் தென் மாவட்டச் சாதிக் கலவரங்களுக்கு நடுவுல கருணாநிதி அரசு சமத்துவபுரம் திட்டத்தை அறிவிச்சது. முதல் சமத்துவபுரம் எங்க தெரியுமா? இதே மதுரை மாவட்டத்துல, திருமங்கலம் பக்கம் மேலக்கோட்டை. 1998-ல் திறந்தாங்க. நூறு வீடு. 40 பட்டியல் சாதியினருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மத்தவங்களுக்கு. சாதிவாரியாத் தெரு கிடையாது, எல்லாருக்கும் ஒரே சுடுகாடு. நீ ஏழையாங்கிறதோட, உன் பக்கத்து வீட்டுக்காரர் யாருங்கிறதையும் கேட்ட திட்டம்னு எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதான்.

அப்புறம் வந்ததை வேகமாத் தாண்டிடலாம். 2010-ல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம். மாநிலம் முழுக்கக் குடிசைகளை எண்ணி, 21 லட்சத்தைக் கான்கிரீட் வீடா மாத்துறோம்னு சொன்னாங்க. 2011-ல் ஆட்சி மாறுச்சு, திட்டமும் மாறுச்சு. ஜெயலலிதா அரசோட பசுமை வீடு. 300 சதுர அடி, சோலார் விளக்கு, வருஷத்துக்கு 60,000 வீடு. தகுதி என்னன்னா: அதே ஊர்ல குடியிருக்கணும், குறைஞ்சது 300 சதுர அடி மனை இருக்கணும், வேற எங்கயும் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது, வேற எந்த அரசு வீட்டுத் திட்டத்துலயும் பலன் வாங்கியிருக்கக் கூடாது, மனைக்குப் பட்டா இருக்கணும்.

இந்தக் கடைசி விதியில கொஞ்சம் நிப்போம். ரொம்ப ஏழை யாரு? மனையே இல்லாதவர். புறம்போக்குல குடிசை போட்டவர். வீடு கட்டக் காசு தர்றோம், ஆனா மனை உன் பேர்ல இருக்கணும்னு சொன்னா, அவர் முதல் வரியிலேயே வெளியே போயிடுறார். அதிகாரிகள் பக்கத்துலயும் நியாயம் இருக்கு. அடுத்தவர் நிலத்துல அரசுப் பணத்துல வீடு கட்ட முடியாது. அதனால வீட்டுக்கு முன்னாடி இலவச மனைப்பட்டா. அதுக்கு இன்னொரு மனு, இன்னொரு வரிசை.

காகிதத்துல ஒரே ஒரு சொல் மாறினா என்ன ஆகும்ங்கிறதுக்கும் உசிலம்பட்டிதான் உதாரணம். குற்றப் பழங்குடிச் சட்டத்துலேர்ந்து விடுபட்ட சமூகங்களைச் சீர்மரபினர்னு சொல்றோம். தமிழ்நாட்டுல 68 சமூகங்கள். 1979-ல் ஒரு அரசாணை சான்றிதழ்ல இருந்த 'பழங்குடி'யை எடுத்துட்டு 'சமூகம்'னு போட்டுது. ஆங்கிலத்துல டிஎன்டி போய் டிஎன்சி ஆச்சு. கேட்டா சின்ன விஷயம். ஆனா மத்திய அரசுத் திட்டங்கள் கேக்குறது டிஎன்டி. 2022 பிப்ரவரியில மத்திய அரசு 'சீட்'னு ஒரு திட்டத்தைத் தொடங்குச்சு. ஐந்து வருஷத்துக்கு 200 கோடி ரூபாய், அதுல வீடு கட்ட உதவியும் ஒரு பகுதி. நாடு முழுக்கன்னு பார்த்தா ரொம்பச் சின்னத் தொகை. ஆனா அந்த வரிசையில நிக்கவே சான்றிதழ்ல சரியான சொல் வேணும். பல வருஷப் போராட்டத்துக்கு அப்புறம் 2019-ல் மத்திய அரசுக்கு ஒரு சொல், மாநில அரசுக்கு இன்னொரு சொல்னு இரட்டைச் சான்றிதழ் வந்துச்சு. 2024 மார்ச்லதான் ஒரே சான்றிதழா டிஎன்டின்னு கொடுப்போம்னு மாநில அரசு அறிவிச்சது. நூறு வருஷத்துக்கு முன்னாடி அழிக்கச் சொல்லி உயிரை விட்ட அடையாளத்தை, இன்னிக்குத் திருப்பி எழுதிக் கொடுங்கன்னு கேட்க வேண்டியிருக்கு.

இதைக் கேட்கிற உங்கள்ல பல பேர் நகரத்துல இருக்கீங்க. உசிலம்பட்டியே நகராட்சிதான். நகராட்சி எல்லைக்குள்ள குடியிருந்தா விதி வேற. அங்க வருஷ வருமானம் 3 லட்சத்துக்குள்ள இருக்கணும், இந்தியாவுல எங்கயும் சொந்தமா பக்கா வீடு இருக்கக் கூடாது. நகராட்சி எல்லை ஒரு தெருவோட முடிஞ்சா, எதிர்த் தெருவுக்கு வேற திட்டம், வேற தொகை, வேற அலுவலகம்.

நண்பனோட அம்மா விஷயத்துக்கு வர்றேன். 2024-ல் மத்திய அரசு அந்த 13 விதியைப் 10 ஆக்குச்சு. ரெண்டு சக்கர வண்டி, ஃபிரிட்ஜ், லேண்ட்லைன் எல்லாம் போயிடுச்சு. வருமான வரம்பு மாசம் 15,000 ஆச்சு. அதே வருஷம் மாநில அரசு 'கலைஞரின் கனவு இல்லம்' ஆரம்பிச்சது. 2030-க்குள்ள 8 லட்சம் வீடு, ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. குடிசையில இருக்கறவங்களுக்கு. ஆக எக்ஸெல் இனி தடை இல்ல.

ஆனா பட்டா இன்னும் தாத்தா பேர்லதான் இருக்கு. வாரிசுச் சான்று வாங்கி, பட்டா மாறுதலுக்கு எழுதிக் கொடுக்கணும். அதுக்குச் சித்தப்பா கையெழுத்து வேணும். சித்தப்பா திருப்பூர்ல இருக்கார். அவங்களுக்குள்ள பேச்சுவார்த்தை நின்னு நாலு வருஷம் ஆச்சு. பொங்கலுக்கு ஊருக்கு வர்றப்போ அம்மாவே நேர்ல போய்க் கேக்குறேன்னு சொல்லியிருக்காங்களாம்.